டாக்டரம்மாவுக்கென்று பொறுக்கிய கரி

மதினி,

இன்று காலையில் பந்தல்குடி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முள் ஏற்றிய லாரி ஒன்று டீக்கடை முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு வெட்டிய சீமைக்கருவேல். ஈரம் காயாத வெட்டுவாயிலிருந்து வரும் அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியது. பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து அங்குமிங்கும் போகும். என் பேச்சையே பொறுத்தவள் நீ, எழுத்தையும் பொறுத்துக்கொள்.

நமக்குள் ரத்த சொந்தம் கிடையாது. ஒரே ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததால் நீ எனக்கு மதினி, நான் உனக்கு மதினி. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் சேர்ந்து முள் வெட்டினோம். கட்டையை அடுக்கி, தழை போட்டு, ஈர மண் பூசி, தீ வைத்து, கரிமூட்டம் பிரிக்கும்வரை அதன் பக்கத்திலேயே கிடந்தோம். மூட்டை கட்டும்போது எல்லோரும் மேலே தூர்க்கரியை வைத்து, அடியில் குச்சியையும் தூசியையும் போடுவார்கள். வேரோடு ஒட்டிய அடிமரம் எரிந்த கரிக்குத்தான் விலை. நீ மட்டும் வியாபாரி முன்னால் மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்துவிடுவாய். "அடியில கெடக்கிறதும் நம்ம கரிதான மதினி, அதையும் பாத்துட்டே வெல சொல்லட்டும்" என்பாய். உன்னால் எனக்கும் அன்று விலை குறையும். வீடு வரும்வரை உன்னை வைதுகொண்டே வருவேன்.

பிறகு நீயும் உன் வீட்டுக்காரரும் தூத்துக்குடி ரோட்டில் இடம் வாங்கிக் கரி கம்பெனி வைத்தீர்கள். நான் உன்னிடம் கூலிக்கு வரவில்லை. அதிலும் ஒரு வீம்பு. ஆனால் நான் மறக்காதது வேறு. என் வீட்டுக்காரர் இறந்த அன்று நீ வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. உன் மகனை அனுப்பினாய். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாலையை வைத்துவிட்டுப் போனான். அதன்பின் உன்னோடு பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த வருத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீ போய்விட்டாய் என்பதற்காக அது ஏன் போக வேண்டும்?

நம்மை மறுபடி பேச வைத்தவள் என் மகன் வழிப் பேத்தி மாரீஸ்வரி. கரிமூட்டத்தை விட்டு வெளியே போகட்டும் என்றுதான் அவளை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தோம். அவள் படித்துப் படித்து, கருவேலங்கரியால் தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி என்பதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பட்டம் வந்தது, வேலை வரவில்லை. பெரிய கம்பெனிகளில், படிப்பு இருக்கிறது, தொழிற்சாலையில் நின்ற அனுபவம் இல்லையே என்றார்கள். நிற்க விட்டால்தானே அனுபவம் வரும்? கல்லூரிகளில் வருடத்துக்கு வருடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய கௌரவ விரிவுரையாளர் வேலைதான் இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் அதிலேயே நரைத்துப்போனதை அவள் பார்த்திருந்தாள்.

ஒருநாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பத்தா, பட்டம் முடிச்சு ரொம்ப வருசம் ஆகாதவுகளுக்கு ஒரு ஃபெல்லோஷிப் இருக்கு. ரெண்டு வருசம் ஒரு கம்பெனிக்குள்ள இருந்து ஆராய்ச்சி பண்ணலாம். சம்பளத்துல பாதி ஃபெல்லோஷிப் குடுக்கிறவுக தருவாக, பாதி கம்பெனி தரணும். மொத வருசம் முடியவும் நேர்ல வந்து பாப்பாக. சரியில்லன்னா அதோட நிப்பாட்டிருவாக."

"நல்லதுதான. எந்தக் கம்பெனி?"

"சொன்னா வைவ."

அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே உன்னைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் உன் கார் எங்கள் வாசலில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. நீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"மதினி, ஒன் பேத்திய எங்களுக்குத் தருவியா?"

"பொண்ணு கேக்க வந்தவ மாதிரி கேக்குற. தட்டு எங்க?"

"கொண்டாந்தா வெளிய எறிவ. அதான் வெறுங்கையோட வந்தேன்."

"கார்ல இருக்கிற ஒன் மகன செருப்பக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லு. பெறகு யோசிக்கிறேன்."

நீ திரும்பிப் பார்த்தாய், அவ்வளவுதான். அவன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் சாவுக்கு ஏன் வரவில்லை என்று நீ சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன்.

உன் மகனுக்கு இதில் விருப்பமே இல்லை. "ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதுக்கும்மா? கரி கருப்பாத்தான இருக்கு" என்றான். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "ஒனக்குக் கருப்பு. அந்தப் புள்ளைக்கு அதுல வேற என்னமோ தெரியுது. நம்மகிட்ட அடுப்புக் கரியா வாங்கிட்டுப் போறவன் அத என்னமோ பண்ணி எத்தன மடங்குக்கு விக்கான். அந்த என்னமோவ நம்ம எடத்துலயே பண்ண முடியுமான்னு பாப்பம்."

சாக்கு அடுக்கும் அறையை வெள்ளையடித்து அவளுக்குக் கொடுத்தாய். அவளுடைய கருவிக்குச் சூடு ஆகாது என்றதும் அந்த அறைக்கு ஏசி வைத்தாய். நீ பழைய காற்றாடிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாய். "மெஷினுக்கு ஏசி, மொதலாளிக்குக் காத்தாடி" என்று கரிக்களத்து ஆட்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். என் பேத்தியை அவர்கள் டாக்டரம்மா என்றார்கள். அவள் கரியை அள்ளி வரச் சொன்னால் ஓடி ஓடி அள்ளி வந்தார்கள்.

அந்த வருடம் முழுவதும் அவள் சோதித்த கரி எல்லாம் நன்றாக வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் தண்ணீர் வடிகட்டி செய்கிற ஒரு கம்பெனி மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு லோடு கேட்டது. நீ அனுப்பினாய். லோடு அப்படியே திரும்பி வந்தது. சாம்பல் அதிகம், மாதிரியில் இருந்த தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஃபெல்லோஷிப் ஆட்கள் பார்க்க வரும் நாளோ நெருங்கிவிட்டது.

மாரி கருவியைச் சோதித்தாள், கரியைப் பக்குவப்படுத்தும் உலையைச் சோதித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மூட்டம் பிரிக்கிற இடத்திலேயே போய் நின்றாள். அங்கே கருப்பாயி, நம்மோடு முள் வெட்டிய அதே கருப்பாயி, தூர்க்கரியை மட்டும் பொறுக்கி ஒரு தனிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, அது யாருக்கு?"

"ஒனக்குத்தான் தாயி. நீ வந்ததுலருந்து ஒனக்குன்னு தனியாத்தான எடுத்து வைக்கோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? படிச்ச புள்ள, அம்புட்டுத் தொலவு போயிப் படிச்சு நம்மகிட்ட வந்துருக்க. ஒனக்குப் போயி குச்சியும் தூசியுமா அள்ளிப் போடுறதா? வீட்டுக்கு வந்தவுகளுக்கு நல்ல துண்டாப் பாத்து வைக்க மாட்டமா?"

ஒரு வருடமாக அவள் சோதித்தது மூட்டத்தின் கரியை அல்ல, இவர்களுடைய மரியாதையை. அன்று இரவு மாரி சாப்பிடவில்லை. "அவுகள ஒண்ணும் சொல்ல முடியாது அப்பத்தா. நானே போயி அள்ளிருக்கணும். அதுதான் மொதப் பாடம், அதையே விட்டுட்டேன்" என்றாள்.

ஃபெல்லோஷிப் ஆட்கள் வருகிற அன்று அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கம்பெனிக்கு வந்தேன். உன் அறையில் உன் மகன் பேசிக்கொண்டிருந்தான். "வர்றவுக மாதிரியத்தான் பாப்பாக. பொறுக்குன தூர்க்கரியவே காட்டுவோம். ரெண்டாவது வருசத்துக்குக் கையெழுத்தாகட்டும், பெறகு சரி பண்ணிக்கிருவோம். இல்லன்னா இந்தப் புள்ள நாளைக்கே மூட்டையக் கட்டணும்." அவன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. கையில் வந்த வேலை. போனால் அடுத்தது எங்கே?

நீ மாரியிடம் திரும்பினாய். "நீ என்ன சொல்ற தாயி?"

அவள் மூலையில் கிடந்த இரண்டு சாக்கையும் பார்த்தாள்; ஒன்றில் பொறுக்கிய தூர்க்கரி, மற்றதில் அவளே மூட்டத்தில் அள்ளியது. "காட்டினா நிப்பாட்டிருவாகளோன்னு பயமா இருக்கு. காட்டலன்னா, நான் பண்ணுனது ஆராய்ச்சியே இல்ல."

"அப்ப ரெண்டு சாக்கையும் தூக்கு" என்றாய்.

வந்தவர்கள் இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கைத்தறிச் சேலை கட்டிய ஓர் அம்மா. அவர்கள் தண்ணீர் குடித்து முடிக்குமுன் நீ ஆரம்பித்துவிட்டாய். "இந்தச் சாக்கு எங்க ஆளுக பாசத்துல பொறுக்குனது. இந்தச் சாக்கு மூட்டத்துல உள்ளது. நல்லதப் பாத்துட்டு லோடு கேட்டாக, உள்ளத அனுப்பினோம், திரும்பி வந்துருச்சு. வந்த மூட்டையெல்லாம் வெளியதான் கெடக்கு. பாத்துட்டு வாங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இந்த ஒரு வருசம் வீண்னு எடுத்துக்கலாமா?"

"சம்பளத்துல ஒங்க பாதி, எங்க பாதிங்கய்யா. எங்க பாதி வீணாப்போகல. ஒங்க பாதி மட்டும் எப்படி வீணாப்போகும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு மாரியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கனத்த கட்டையும் மெல்லிய குச்சியும் ஒரே மூட்டத்தில் எரிகின்றன, தூர் வேகும் நேரத்துக்குள் குச்சி சாம்பலாகிவிடுகிறது, அடுக்கும்போதே பருமன் பார்த்துப் பிரித்து வேறு வேறாகச் சுட வேண்டும் என்று அவள் நின்றபடி சொன்னாள். அதற்குமேல் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அவள் குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அவளுக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஒரு ஓரமாக வைத்துவிட்டு உன்னை மெச்சிய நாள் அது. சில வாரம் கழித்து, இரண்டாம் வருடமும் தொடரலாம் என்று சேதி வந்தது.

அதன்பின் நீ களத்தையே மாற்றினாய். பருமனுக்கு ஒரு மூட்டம் என்று அடுக்கச் சொன்னாய். வேலை கூடுகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். கருப்பாயியைக் கூப்பிட்டு, "டாக்டரம்மாவுக்கு இனிமே எல்லாருக்கும் போடுறதத்தான் போடணும்" என்றாய். "அவுக என்ன நெனப்பாக?" என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "நெனைக்கத்தான் அவளுக்குச் சம்பளம்" என்றாயாம். மாரி வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

புது லோடு கிளம்புமுன் நீ கிளம்பிவிட்டாய். நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாய் என்றார்கள். நான் வந்தேன் மதினி. பதினாறுக்கும் வந்தேன். "ஒங்கம்மா வராததுக்கும் சேத்து நான் வந்திருக்கேன்" என்று உன் மகனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த லோடு திரும்பி வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஃபெல்லோஷிப் முடிந்ததும் மாரியை உன் மகனே நிரந்தரமாக வைத்துக்கொண்டான். இப்போது தேனியிலிருந்து இன்னொரு பெண், பட்டம் முடித்த கையோடு, அதே ஃபெல்லோஷிப்பில் வந்திருக்கிறாள். எழுதிப் போடச் சொன்னவன் அவன்தான். கரி கருப்பு என்று சொன்னவன் என்பதை அவனுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறேன்.

அடுத்தவர் குறையை மறக்காதவள் நான் என்று ஊருக்கே தெரியும். உன்னிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது வேறொன்று. போன வாரம் காரியாபட்டி பஸ்ஸில் முகம் பழகிய ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் டாக்டர் பட்டம் முடிக்கப்போகிறாளாம். "ஒங்க பேத்தி ஏதோ கம்பெனியில ஆராய்ச்சி பண்ணுறாளாமே. எங்க புள்ளையும் அந்த ஃபெல்லோஷிப்புக்குப் போடலாமா? ஒங்க பேத்தி அங்க என்ன சாதிச்சா?" என்று கேட்டாள்.

வாங்கிக்கொண்ட லோடுகளைச் சொல்லியிருக்கலாம். வாய் நுனியில் அதுதான் நின்றது. திரும்பி வந்த லோடைத்தான் முதலில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வாடியது. நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்தவள், இறங்கும்போது மாரியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.