இரண்டு குட்டை, ஒரு நெட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாலில்லாக் குரங்கு எழுதுவது. நான் நலம், உன் முழங்கால் நலமா? இங்கே பறவைக் காப்பகம் என்று பெயர்தான், காப்பி அகப்படுவதில்லை. ஆசைக்குக் கூண்டில் வளர்த்த கரிச்சான்களை மீட்டுவந்து காட்டுக்குப் பழக்குகிறோம்.

ஒரு சின்னக் கூத்து. இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அப்பா வாசலில் அடிப்பாரே, அந்த விசிலைக் கூண்டு கழுவும்போது தினமும் அடித்துவந்தேன். ஒருநாள் நான் வாயே திறக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் அதே விசில். அவர் போய் இரண்டு வருடமானதை மறந்து, "வரேம்ப்பா" என்று வாளியைப் போட்டுவிட்டேன். பார்த்தால் கரிச்சான்.

காப்பகத்துப் பறவை டாக்டர் சிரிக்கவில்லை. "மனுஷன் விசிலுக்குப் பழகினா, பறவை பிடிக்கிறவன் விசிலுக்கும் போய் மாட்டும்டா, விசிலடிச்சான் குஞ்சு. அது மறந்தாத்தான் வெளிய விடுவேன். நீ வாயை மூடு."

மூடிவிட்டேன். அது கூப்பிடும், நான் திரும்புவதில்லை. நேற்று இரண்டு குட்டையோடு நிறுத்திக்கொண்டது. நல்ல செய்திதான். நெட்டைக்காக நான்தான் நெடுநேரம் நின்றேன்.

காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அப்பாவின் பழைய போனில் அந்த விசில் இருக்கிறதா, தேடு. இல்லாவிட்டால் நீயே அடித்துப் பதிந்து அனுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன். உனக்கு வெறும் காற்றுதான் வரும், தெரியும். அது போதும்.

தீனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் குரங்கு