நடுப்பலகை

செஸ்டர்ஃபீல்டு
8 செப்டம்பர் 2014

திருமதி மாரியன் ஆல்சாப் அவர்களுக்கு,

முப்பத்தெட்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டேன். இனியும் இருப்பதாக இல்லை.

தார்ன்லோ பள்ளியில் படித்த எல்லோருக்கும் அனுப்பியதுபோல எனக்கும் 'தார்ன்லோ நினைவுகள்' புத்தகத்தின் அச்சுப்படியை அனுப்பி, பிழை இருந்தால் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். தெரிவிக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்துப் பள்ளிப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவன் டெரிக் ஃபியர்ன் அல்ல, நான். ஊர் பேண்டு வாத்தியம் தொடங்கியது 1911 அல்ல, 1908. எனக்குக் கார்னெட் என்ற ஊதுகுழலைத் தர மறுத்த பேண்டின் வரலாறு உங்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

இவையெல்லாம் போகட்டும். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன்.

"1976 கோடையில், களிமண் பூசிப் பூவிதழால் படம் ஒட்டும் ஊற்று அலங்காரத்தின் நடுப்பலகையை ஊற வைக்க ஆர்னல்டு கிராட்டன் மறந்துவிட்டார். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியதும் நோவாவும் பேழையும் சரிந்து விழ, ஊரே சிரித்து மகிழ்ந்தது."

ஊரே சிரித்தது உண்மை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர் சிரிக்கவில்லை. அப்பா மறக்கவும் இல்லை. பதினாறு ஆண்டுகள் அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான்கு நாளாவது குளத்தில் ஊறாத பலகை களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், காய்ந்த மண் படத்தோடு சரிந்து விழும் என்பது தார்ன்லோவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்குவாரியில் கால் நூற்றாண்டு வேலை பார்த்தவருக்கு அது மறந்துபோகுமா?

அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். எப்படித் திருத்துவது என்று கேட்டால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஏட்ரியன் கிராட்டன், எம்.ஏ.


தார்ன்லோ
15 செப்டம்பர் 2014

அன்புள்ள ஏட்ரியன்,

நீ நலமா? என்னைத் திருமதி ஆல்சாப் என்று எழுதியிருக்கிறாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் அழிரப்பரைக் கடித்துத் தின்றவன் நீ! முதலில் சிரிப்பு வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது வரவில்லை.

டெரிக் ஃபியர்ன் விஷயத்தைத் திருத்திவிட்டேன். அவனிடம் சொன்னதும், "அப்பாடா, அந்தக் காதைப் பாத்து என் பேரப்பசங்க ரெண்டு வாரமா ஓட்டிக்கிட்டிருந்தாங்க"ன்னு குதிக்கிறான். பேண்டு வாத்தியத்தின் ஆண்டையும் மாற்றியாகிவிட்டது.

இங்கே எல்லாம் பழையபடிதான், இல்லாதவை இல்லை என்பதைத் தவிர. நாம் படித்த பள்ளி இப்போது வாடகைக்கு விடும் விடுமுறை வீடு. தலைமையாசிரியர் அறையில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். தபால் அலுவலகமும் போய்விட்டது. இந்தக் கடிதத்தைப் போட நான் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும். என் முழங்கால் அதைப் பற்றித் தனியாக ஒரு புகார்க் கடிதமே எழுதும். அப்பாவுக்கு எண்பத்தாறு. காது மந்தம், குரல் மட்டும் மந்தமாகவில்லை. புத்தகத்தை அவர்தான் வெளியிடுகிறார்.

நாற்பத்தொன்றாம் பக்கம் யாரையும் நோகடிக்க எழுதியதல்ல. ஊரில் எல்லோரும் சொல்வதுதான் அது. 'சிரித்து மகிழ்ந்தது' என்பது தவறான சொல், மன்னித்துவிடு. அந்தப் பத்தியையே எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் ஹைட்ரேஞ்சியா இதழ்களை ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலாக ஒட்டுவது எப்படி என்று நாலு வரி எழுதினால் போதும். அக்டோபர் பத்தாம் தேதி அச்சகத்துக்குப் போகிறது.

வெளியீட்டுக்கு வாயேன். உனக்குப் பிடித்த ஓட்கேக் சுட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மாரியன்


செஸ்டர்ஃபீல்டு
19 செப்டம்பர் 2014

திருமதி ஆல்சாப் அவர்களுக்கு,

பத்தியை எடுத்தால் போதாது. ஊர் வாயில் இருப்பதை யார் எடுப்பது? பொய் அச்சேற இருந்த இடத்தில் உண்மை அச்சேற வேண்டும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அப்பாவும் இரண்டு பேரும் நான்கு பலகைகளையும் குளத்தில் இறக்கி மேலே கல் வைத்தார்கள். நான் கூட இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மதியமே மேட்டுப் புதர்க்காடு பற்றிக்கொண்டது, நினைவிருக்கும். கல்குவாரி ஆட்கள் எல்லோரும் தீயணைக்கப் போனார்கள். அப்பா இரண்டு நாள் வீடு திரும்பவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு உங்கள் வயல் வழியாக வந்தேன். நடுப்பலகை உங்கள் வயல் சுவரில் சாய்ந்திருந்தது. எலும்புபோல வெளுத்துக் காய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை அப்பா முகமெல்லாம் கரியோடு வந்தார். கழுவிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"அப்பா, நடுப்பலகை பாக்‌ஷா வீட்டுச் சுவர்ல சாஞ்சு கிடந்துச்சு."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நீ ஒண்ணும் பாக்கல. உக்காந்து சாப்பிடு."

"பாத்தேம்பா! நேத்து..."

"ஏட்ரியன். சாப்பிடுன்னு சொன்னேன்."

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆனால் கணக்குப் போடத் தெரியும். குளத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லாத கோடை அது. உங்கள் தந்தையாரின் மாடுகள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். பலகை கிடந்தால் மாடு இறங்காது என்று அவர் பப்பில் வைத்துச் சொன்னதைக் கேட்டவர்கள் உண்டு. நாங்கள் குடியிருந்ததோ அவருடைய வீடு. அதனால்தான் அப்பா வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை உங்கள் புத்தகமே சொல்கிறது. புறா முதலில் விழுந்தது. அப்புறம் பேழையின் பின்பாதி. அப்புறம் நோவா. பாதிரியார் கையைத் தூக்கியபடியே நின்றார். "மறந்துட்டான்யா கிராட்டன்!" என்று முதலில் கத்திய குரல் உங்கள் தந்தையார் ரூபன் பாக்‌ஷாவுடையது. அதன் பிறகு அப்பா பப்புக்குள் நுழைந்தால், "வாங்க நோவா, மழை எப்போ?" "நோவாவுக்குத் தண்ணி மட்டும் குடுக்காதீங்க, அதை என்ன பண்றதுன்னு தெரியாது அவருக்கு!" மறு வசந்தத்தில் நாங்கள் ஊரைவிட்டு வந்துவிட்டோம்.

'நடுப்பலகையைக் குளத்திலிருந்து எடுத்தவர் ரூபன் பாக்‌ஷா' என்று அச்சிடுங்கள். இல்லையென்றால் மாவட்டப் பத்திரிகைக்கு நானே எழுதுவேன், என் முழுப் பெயரோடும் பட்டத்தோடும். உங்கள் தந்தையார் உயிரோடு இருக்கும்போதே அதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
ஏட்ரியன் கிராட்டன், எம்.ஏ.


தார்ன்லோ
30 செப்டம்பர் 2014

அன்புள்ள ஏட்ரியன்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் பேருந்து வந்துவிட வேண்டும்.

பலகையை எடுத்தவர் என் அப்பா அல்ல. நான்.

டார்பியிலிருந்து என் பெரியம்மா மகள்கள் இருவர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியவர்கள் எல்லோரும் மேட்டில் எழும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கற்களைப் புரட்டிவிட்டு நடுப்பலகையை மேலே கொண்டுவந்து, தெப்பமாக்கி மாலைவரை விளையாடினோம். பிறகு மாடு மிதித்துவிடக் கூடாதென்று கரைக்கு இழுத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். வீட்டுக்குப் போகும்போது திரும்ப உள்ளே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மறந்தே போனோம். மறந்தது நான், ஏட்ரியன். உன் அப்பா இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தேன். தனியாளாக என்னால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. அழுதுகொண்டே இழுத்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. மறுமுனையைத் தூக்கினார். உள்ளே இறக்கிக் கல்லை வைத்துவிட்டு, "எப்போ எடுத்தீங்க?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை, மாமா."

விரலை மடக்கி நாட்களை எண்ணினார். "நாளைக்குக் காலையில களிமண் ஏத்தணும். ஒரு நாள் தள்ளலாம்னா ஏன்னு கேப்பாங்க."

நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்பாவின் பெல்ட் பட்ட தழும்பு அதில் இருந்தது. முந்தின வாரம் வேலிக்கதவைத் திறந்து போட்டதற்கு. உன் அப்பா ஏற்கனவே பார்த்திருப்பார் போல.

"வீட்டுக்கு ஓடு கண்ணு. நீ இந்தப் பக்கமே வரல. பலகை என் பொறுப்பு, நான் பாத்துக்கறேன். ராத்திரி முழுக்க ஊறும்ல, நின்னாலும் நிக்கும்."

நிற்கவில்லை. சனிக்கிழமை நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கத்தியதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அப்பா கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். தலையை மட்டும் லேசாக ஆட்டினார், பேசாதே என்பதுபோல.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை எழுதியதும் நான்தான், புத்தகக் குழு எழுதவில்லை. எல்லோரும் சொன்னதையே நானும் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. உன் முதல் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். பத்தியை எடுத்துவிடுகிறேன் என்று தந்திரம் செய்தேன். என் அப்பாமேல் நீ பழி போட்ட பிறகுதான் என் கை நகர்ந்தது. அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. இதைச் செய்தவர் அவர் இல்லை, அவ்வளவுதான்.

நீ என்ன எழுதித் தந்தாலும் என் பெயரோடு அப்படியே அச்சிடுகிறேன். பத்தாம் தேதிக்குள் அனுப்பு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. புத்தகத்தை அவர் சத்தமாகத்தான் படிப்பார்.

மாரியன்


செஸ்டர்ஃபீல்டு
5 அக்டோபர் 2014

மாரியன்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் இன்னொரு முறை படித்தேன்.

நீ எனக்குச் செய்ததில் மோசமானது பலகை அல்ல. பத்து வயதுப் பிள்ளைகள் மறப்பார்கள். உனக்கு இருபது வயதானது. முப்பது ஆனது. 1991இல் அப்பா செத்தபோது நீ ஓர் அட்டை அனுப்பினாய், லில்லிப் பூ போட்ட அட்டை. அதில் இரண்டு வரி எழுத இடமிருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் நான் அவரிடம் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். என்னவோ வாக்குவாதம். "வீட்டுக்காரனுக்குப் பயந்து கேவலப்பட்ட ஆளுதானே நீங்க" என்றேன். அவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "சரி, அப்படியே வெச்சுக்க" என்றார். நான் அப்படியே வைத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டே அவரைப் புதைத்தேன்.

அவர் எனக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அதற்கு எனக்கு இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை. சீக்கிரமாக மனம் ஆறும் ஆள் நான் இல்லை. வெளியீட்டுக்கும் வரப்போவதில்லை. உன் தந்தையார் கத்துவதை ஒருமுறை கேட்டதே போதும். மாவட்டப் பத்திரிகைக்கு எழுதி வைத்திருந்ததை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு இதைப் போடு. ஒரு சொல்லையும் மாற்றாதே:

"1976 கோடையில் நடுப்பலகையை ஆர்னல்டு கிராட்டன் வழக்கம்போல் வெள்ளிக்கிழமையே குளத்தில் இறக்கினார். அவர் மேட்டில் தீயணைத்துக்கொண்டிருந்தபோது, வெயில் தாங்காத பிள்ளைகள் சிலர் அதை எடுத்துத் தெப்பமாக்கி விளையாடிவிட்டு, திரும்பப் போட மறந்தார்கள். யாரென்று அவருக்குத் தெரியும். ஒரு குழந்தை அடிபடக் கூடாது என்பதற்காக அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது."

உன் பெயர் இதில் இல்லை. போடச் சொல்லி நீயே எழுதியிருந்தாய். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். மூன்று முறை. அது சரியாகத்தான் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. ஆனால் அவர் சாகும்வரை கட்டிக் காத்ததை நான் ஒரு மாலை நேரத்தில் உடைத்துவிட்டேன் என்று ஆகும். அவரிடம் நான் தோற்றுப்போன விஷயங்கள் போதும். உன் அப்பாவிடம் நீ சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

பத்திக்குக் கீழே 'ஏட்ரியன் கிராட்டன், எம்.ஏ.' என்று எழுதினேன். எழுதியதும் அது அசிங்கமாகத் தெரிந்தது. கிராட்டன் பெயரைப் பார்த்தால், மகன் அப்பனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். யார் சொன்னது என்று தெரியாவிட்டால் ஊர் மண்டையைக் குடைந்துகொள்ளும். அந்தப் பிள்ளைகளில் ஒருவரே மனசு கேட்காமல் சொல்லிவிட்டார் என்று நினைக்கும். நினைக்கட்டும். அப்படி நினைத்தால் நம்பும்.

கடிதத்தின் கடைசியில் உனக்காகவாவது பெயர் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். 'அன்புடன்' என்று எழுத வரவில்லை. 'இப்படிக்கு' என்று எழுதவும் இனி முடியாது.

அதனால் எழுதவில்லை. தபால்காரர் பெட்டியைத் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கையெழுத்தில்லாமல் இப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.