அக்காவின் வலது கால்

ஜூன் 9, ஞாயிறு
12.31. 12.29. 12.34.
மூன்று வாரம் கியர்பாக்ஸின் கணினிக்குள் தலையை விட்டதற்குக் கூலி இது. கியர் மாறும் நேரத்தைக் குறைத்தேன், எண்ணெய் அழுத்தத்தை ஏற்றினேன். கால் மைல் கார்ப் பந்தயப் பாதை மசியவே இல்லை. ஜூலை கடைசியில் தகுதிச் சுற்று. அதில் பன்னிரண்டு வினாடிக்குள் ஓடினால்தான் இறுதிப் போட்டி. வண்டி அக்காவுடையது, ஓட்டுவதும் அவள்தான். வயது ஐம்பத்திரண்டு. "அடுத்த வருஷம் என் முட்டி ஒத்துக்காதுடி" என்கிறாள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

ஜூன் 11
பிடித்துவிட்டேன். லேப்டாப்பில் ஓட்டப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், கியர் மாறும்போதெல்லாம் ஆக்சிலரேட்டர் கோடு பள்ளத்தில் விழுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டி! அழுத்திக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதானே? இவள் காலைத் தூக்குகிறாள். போன் செய்தேன்.
"நான் காலை எடுக்கவே இல்லடி."
"மூணு தடவை எடுத்திருக்கக்கா."
"உன் லேப்டாப் பொய் சொல்லுது."
"ஏன், அதுக்கு உன் மேல பொறாமையா?"
வைத்துவிட்டாள்.

ஜூன் 16
12.30. தூக்கினாள். எங்கள் மெக்கானிக் எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் அவர் பெயரே பொறுமை. அவரே இன்று, "பெடல் மேல செங்கல்லை வெச்சுக் கட்டிடலாமா?" என்றார்.

ஜூன் 23
ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். "நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்தைத் தாண்டுனா இஞ்சின் கத்துதுடி. கால் தானா எழும்பிடுது. நான் என்ன பண்ண?"
அக்கா பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் துளை போடுகிறவளுக்கு இரும்பு கத்தினால் மனசு தாங்காதாம்!

ஜூன் 27
கியர் மாறும் அந்த அரை வினாடி மட்டும், கால் என்ன சொன்னாலும் இஞ்சின் காதில் வாங்காமல் இருக்கும்படி நிரல் எழுதலாம். எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி.

ஜூன் 30
11.97! இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா? இன்னைக்குக் காலை எடுத்தேனா?"
இல்லை என்றேன்.
பதிவில் இஞ்சினின் கோடு நேராக இருந்தது. அவள் காலின் கோட்டில் வழக்கம்போல் மூன்று பள்ளம்.

ஜூலை 3
பாதையில் ஏதாவது குறுக்கே வந்து, நிஜமாகவே காலை எடுத்திருந்தால்? அந்த வேகத்தில் அரை வினாடி என்பது இரண்டு பேருந்து நீளம். கூடப்பிறந்தவளை அவள் பேச்சைக் கேட்காத வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன் — இதற்கா படித்தேன்? கழுதை. கழுதைக்குக்கூட இவ்வளவு திமிர் இருக்காது.

ஜூலை 4
அந்த நிரலை அழித்துவிட்டு, நேரில் போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.
"வண்டிதான் கேக்கல. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"
அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 10
பேச்சு இல்லை. வீட்டில் இவர், "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா?" என்கிறார். ஆமாம், அதனால்தான் வலிக்கிறது.

ஜூலை 14
எல்லாத் தப்பும் என்னுடையதா என்ன? அவளும் காலைத் தூக்கினாள்தானே? அவள் மேல் குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று பழைய பதிவுகளைக் கிண்டினேன். கிடைத்தது என் குற்றம். ஆறாயிரத்து எழுநூறு சுற்றிலேயே இஞ்சினின் பலம் இறங்கத் தொடங்குகிறது. நான்தான் ஏழாயிரத்து இருநூறு வரை போட்டு உலுக்கிக்கொண்டிருந்தேன். கத்தாமல் என்ன செய்யும்? ச்சே. இத்தனை வாரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!
அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: இனி சீக்கிரமே கியர் மாறும், கத்தாது. வேறெதையும் தொட மாட்டேன்.

ஜூலை 20
ஆறு நாள் கழித்து ஒரு வார்த்தை: "வரேன்."

ஜூலை 28, ஞாயிறு
தகுதிச் சுற்று. 11.94.
பொறுமை துள்ளிக் குதித்தார். அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தாள்.
"ஓட்டுனது என் காலா, உன் லேப்டாப்பா?"
"உன் கால்தான்க்கா."
"காட்டு."
காட்டினேன். எது கால் கோடு, எது இஞ்சின் கோடு என்று கேட்டு, கையுறை போட்ட விரலால் இரண்டையும் தொடக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் பள்ளம் இல்லை. பிறகுதான் சிரித்தாள்.
சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் லேப்டாப் அவள் கைக்கு வர வேண்டுமாம்.
"நம்பாம கேக்கலடி. பாத்துக்கிறேன், அவ்வளவுதான்."
சரிக்கா என்றேன்.