பறக்கும் வாழைப்பழம்

ஜூன் 9, 2025

பக்கவாதம் வந்த என் வீட்டுக்காரர் ஃபிரெட்ரிக்குக்குக் கையும் காலும் தேறிவிட்டன. பேச்சுதான் இன்னும் வரவில்லை. கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்த மனுஷன். இன்று ஒரு ஸ்பூன் கேட்கக்கூட விரலை நீட்டுகிறார்.

ஜூன் 12

பேச்சுப் பயிற்சி கொடுக்க அடையாறிலிருந்து வரும் தீபிகா, படங்களைக் காட்டினாள். குடை, நாற்காலி — பதில் இல்லை. அடுத்தது வாழைப்பழம்.

"ஹெலிகாப்டர்" என்றார் இவர். கணீரென்று!

தீபிகா முகம் வாடி சமையலறைக்கு வந்தாள். "ஆன்ட்டி, அங்கிளுக்கு எது எதுன்னே புரியலையோன்னு பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாப் புரியுதும்மா! பழைய அமெரிக்க ஹெலிகாப்டர் ஒண்ணு, நடுவுல வளைஞ்சிருக்கும். அதுக்குப் பட்டப்பேரே ஃப்ளையிங் பனானா."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்த கதை.

ஜூன் 13

மயிலாப்பூரில் ஹெலிகாப்டர் படங்களாகப் பிரின்ட் போட்டு வந்தேன். "ஸ்கூல் புராஜெக்டா மேடம்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

ஜூன் 20

படத்தைக் காட்டினால் பேர் வரவில்லை, பட்டப்பேர் வருகிறது! ரஷ்யப் போர் ஹெலிகாப்டருக்கு "முதலை". பச்சைச் சட்டையும் தொப்பையுமாக வந்த என் அண்ணன் மர்சலினைப் பார்த்து, "ஜாலி கிரீன் ஜெயன்ட்!" அதுவும் ஒரு ஹெலிகாப்டர்தான் என்று விளக்கிய பிறகும் அண்ணன் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஜூலை 2

தண்ணி கேன் போடுபவருக்குக்கூட ஒரு பேர் வைத்தாயிற்று. என்னை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; ரெனிட்டா என்ற என் பேரும் வரவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவ — அப்போ நான் யாரு?

ஜூலை 5

கேட்டேவிட்டேன். "நான் யாருங்க?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேத்தக்."

இவர் வேலை பார்த்த ஹெலிகாப்டர். ராணா பிரதாப்பின் குதிரை பேரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

"ஓஹோ. நான் உங்களுக்குக் குதிரையா?"

அவசரமாக இல்லையென்று தலையாட்டினார். கையைக் கீழே இறக்கி, எதையோ பிடித்து, மேலே தூக்கிக் காட்டினார். "கடல்ல... விழுந்தா... வரும். தூக்கும்."

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6

தீபிகாவிடம் சொன்னேன். அவளும் முகம் கழுவப் போனாள்.

ஆகஸ்ட் 23

தி.நகருக்கு ஆட்டோ. நந்தனம் தாண்டியதும் இவர் ஆரம்பித்துவிட்டார். "வெங்கட்நாராயணா ரோட்ல... போயிருக்கலாம்ல?"

"இன்னா சார், நீயே ஓட்றியா?" என்றார் டிரைவர்.

பனகல் பார்க் வருவதற்குள் இருவரும் சிநேகம். இறங்கிய பிறகும் முடியவில்லை. காட்டில் வெட்டிய மரத்தைத் தூக்கி வரும் ஹெலிகாப்டர், கட்டடத்துக்கு ஏசி ஏற்றும் ஹெலிகாப்டர் — திக்கித் திக்கி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். "மெய்யாலுமா சார்? அதுக்கு இன்னா பேரு?" என்று டிரைவர் வேறு எடுத்துக் கொடுக்கிறார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. "வாங்க, போலாம்" என்றேன்.

"இரு ரெனிட்டா, பேசிட்டு இருக்கேன்ல" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

நின்றேன்.