எழுபத்திரண்டாம் அறையில் கிடந்த ஓலை

ஏழருவியும் வற்றாது பாய, எல்லைக் கற்கள் இடம் பெயராது நிற்க, யாளிக்கொடி தாழாது பறக்க, எல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் ஏழருவி நாடுடைய பெருமான் ஆதன் நெடுஞ்சேயின் திருமுன்புக்கு, தலைநகர் கல்லகத்திலிருந்து அமைச்சன் கீரந்தை வணங்கி விடுக்கும் ஓலை. இங்கே கோட்டையும் குடிகளும் நலம். அங்கே படையும் யானைகளும் நலமாகுக.

அரசின் ஓலைகளைக் காக்கும் ஆவணக்களரியின் தலைவி மருதியின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அனுப்புமாறு பெருமானின் ஆணை நேற்று வந்தது. அதை நிறைவேற்றுமுன் நடந்ததை நடந்தபடி அறிவிப்பது இவ்வமைச்சனின் கடமை.

நம் களரியின் வழக்கத்தை நாடறியும். ஓர் ஓலையை வைப்பதாயினும் நீக்குவதாயினும், செய்யப்போவதை முதலில் முன்னோலையில் எழுதி வைப்பர். பிறகே, எந்த ஓலை எந்த அறையில் என்று காட்டும் அட்டவணையில் கை வைப்பர். நடுவில் இடியே விழுந்தாலும், முன்னோலையைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அயல்நாட்டுக் களரிகளில் ஒரு பெருமழை பெய்தால் மூன்று மாதம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசிப் புயலில் நம் களரியின் கூரை பறந்து, அட்டவணையின் ஏடுகள் காற்றோடு போனபோது, மருதி நனைந்த சேலையோடு நின்று, முன்னோலையைப் பார்த்துப் பொழுது சாய்வதற்குள் போன ஏடுகள் அத்தனையையும் திரும்ப எழுதுவித்தாள். இதை எழுதும்போது இவ்வமைச்சனின் நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்?

ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. வேண்டாத ஓலையின் பெயரை அட்டவணையில் அடித்துவிடுவோம். ஓலையோ, புதியது வரும்வரை அறையிலேயே கிடக்கும். பெயர் போனால் ஓலையும் போனது போலத்தான் என்று இருந்துவிட்டோம். புதிய ஓலைக்கும் முதலில் அட்டவணையில் பெயர் ஏறும். ஓலை பிறகு சாவகாசமாக அறைக்கு வரும். புயலடித்த நாளில் எழுபத்திரண்டாம் அறை, கானற்கரை நாட்டோடு செய்த உடன்படிக்கைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முன்னோலையில் இருந்தபடி அது அட்டவணையிலும் ஏறிவிட்டது. உடன்படிக்கையோ இன்னும் எழுத்தர் கையில். அறையில் துணி சுற்றிக் கிடந்தது, கீழைச் சுவரடியில் ஆற்றுக்கு இறங்கும் சுரங்கவழியின், பெயர் அடிபட்ட பழைய வரைபடம்.

பிறநாட்டாருக்கு உரிய ஓலைக்கட்டை நம்மவர் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அது நம் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மை குறையாமல், அட்டவணையை நம்பி, அன்று மாலையே கானற்கரைத் தூதர் பதுமனாரின் கையில் நம் கோட்டையின் குடலையே எடுத்துக் கொடுத்து வழியனுப்பினோம்.

மறுநாள் காலை, வெயிலில் உலரப் போட்ட ஓலைகளைத் திருப்பிய மருதி, அவற்றிடையே, கீறிய எழுத்துக்கு இன்னும் மசி தடவாத உடன்படிக்கையைக் கண்டாள். அப்படியானால் தூதர் கொண்டுபோனது எது? பழைய முன்னோலைகளைப் புரட்டி, அறையில் கிடந்தது இன்னதென்று அறிந்தாள். அவள் வாய் திறவாதிருந்தால் இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திராது. அவளோ நேரே அவைக்கு வந்து, கோட்டையின் இரகசியம் தன் கைவழியே வெளியே போயிற்று என்றும், தண்டனையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் கல்தச்சர் வேண்டும் என்றும் எல்லோர் முன்னும் சொன்னாள்.

சொன்ன கையோடு குதிரையேறிப் போய், படகுத்துறையில் தூதரை மறித்து, உடன்படிக்கையைக் கொடுத்துக் கட்டைத் திரும்ப வாங்கினாள். முடிச்சு அவிழாமல் இருந்தது. அவையோர் மூச்சு விட்டனர். சுரங்கத்தை அடைக்கும் வேலையை நிறுத்திவிடலாம் என்றனர். அவிழ்த்தவனுக்குத் திரும்பக் கட்டவும் தெரியும் என்றும், ஒருநாள் வெளியே தங்கி வந்ததை இனி இரகசியம் என்று நம்பக் கூடாது என்றும் மருதி மறுத்தாள். ஐந்தே நாளில் சுரங்கம் கல்லால் அடைபட்டது. புதிய வழி எங்கே என்பதை இவ்வோலையும் சொல்லாது.

இப்போது மருதி வகுத்த முறைப்படி, ஓலை அறைக்குள் போய் அமர்ந்த பிறகே அதன் பெயர் அட்டவணையில் ஏறுகிறது. பெயர் அடிபட்ட ஓலை அன்றே நெருப்புக்குப் போகிறது. வேலை இரட்டிப்பாயிற்று என்று எழுத்தர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

பழைய முறையை வகுத்தவன் யார் என்று பெருமான் கேட்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், தங்கள் தந்தையாரின் அவையில், வேலை விரைவாக முடியும் என்று மார்தட்டி, அட்டவணை முதலில், ஓலை பிறகு என்று விதித்து, அதற்குப் பட்டும் பரிசும் வாங்கிக்கொண்டவன் இவ்வமைச்சனே. மருதி விதியை மீறவில்லை. விதிப்படி நடந்ததால் நேர்ந்த பிழை இது. அதைக் கண்டவளும், சொன்னவளும், திருத்தியவளும் அவளே. இப்படியொருத்தி இந்நாட்டில் இருப்பது இவ்வமைச்சனுக்குப் பட்டையும் பரிசையும்விடப் பெருமை.

பெருமானின் ஆணை ஒரு மோதிரம் கேட்டது; ஒரு மோதிரம் வருகிறது. இவ்வரக்கில் முத்திரை பதித்தவுடன் கீரந்தை தன் விரல் மோதிரத்தைக் கழற்றி, இவ்வோலையின் பட்டுறையிலேயே இட்டு அனுப்புகிறான். அரக்கு ஆறும்வரை அவன் அமைச்சன். ஆதலால் அவன் இடும் கடைசி ஆணை செல்லும்: மருதியின் மோதிரம் மருதியின் விரலிலேயே இருக்கக் கடவது.