ஒரு திங்கள் பள்ளி மாறிய கணக்காயர் இருவர்

வானம் வழங்க, வயல் விளைய, மருதவேலி நாடு நலம் பெறுக. கொன்றைமாநகர் அரண்மனையில் வீற்றிருக்கும் திருமன்னர், இருகரைக் காவலர், வெண்குடைச் செல்வர் கோ ஆழிவிளங்கர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் தலையமைச்சன் காரி நக்கன், தென்கரை மண்டலத்தைத் தம் தோள்மேல் தாங்கி நிற்கும் பேரரையர் விடங்கன் பூதியார்க்கு வணக்கமும் வாழ்த்தும் கூறி விடுக்கும் ஓலை. தங்கள் மண்டலத்து ஏரிகள் நிரம்பின என்றும், தங்கள் இல்லத்தார் யாவரும் நலம் என்றும் தூதர் சொல்லக் கேட்டு அரசரும் யாமும் மகிழ்ந்தோம்.

பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் புதுமுறை பற்றித் தாங்கள் விடுத்த விண்ணப்பம் அவையிற் படிக்கப்பட்டது. புளியங்கொட்டையைப் பரப்பியும், காய்கனியை அறுத்தும், நெல்லை அளந்தும் கணக்குச் சொல்லும் பள்ளிகள் தங்கள் மண்டலத்திலும் முளைத்துவிட்டன என்றும், வாய்ப்பாடு ஓதும் ஒலி அங்கே கேட்பதேயில்லை என்றும், இது கல்வியன்று விளையாட்டே என்றும், ஆகவே அவற்றை மூட ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கவலையை எள்ளுவார் இங்கு எவரும் இலர். இதே வழக்கு இத்தலைநகரிலும் எழுந்து, அரசர் திருமுன் வந்து, எவரும் எதிர்பாராதபடி முடிந்தது. ஆணையைச் சொல்லுமுன் அதனை நடந்தது நடந்தபடி உரைக்கிறோம்.

கோயிலையடுத்த கற்பள்ளியின் முதுகணக்காயர் நெடுஞ்சாத்தனாரைத் தாங்கள் அறிவீர்கள். அவர் பள்ளிப் பிள்ளைகள் காலையில் வாய்ப்பாடு ஓதத் தொடங்கினால் கடைவீதியில் போவோர் நின்று கேட்டுச் செல்வர். பதினாறின் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். இந்நகரின் கீழைப்புறத்தில், கைவிடப்பட்ட நெற்கொட்டகை ஒன்றில், அல்லியங்கோதையார் என்னும் அம்மையார் புதுமுறைப் பள்ளி தொடங்கினார். அவரிடம் வாய்ப்பாடு இல்லை, பிரம்பும் இல்லை. கொட்டையைக் குவித்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாமும் அவர்களோடு தரையில் அமர்ந்துகொள்வார். பெற்றோர் பலர் தம் மக்களைக் கற்பள்ளியிலிருந்து எடுத்து அங்கே விடவே, நகரம் இரண்டுபட்டது.

வழக்கு அவைக்கு வந்த நாளில் இருவரும் கடுமையாகவே பேசினர். வேலி கட்டுவதற்கு முன் விதைக்கிறவர் இவர், நெஞ்சில் எண் நில்லாத பிள்ளை எக்கணக்கைப் போடும் என்று நெடுஞ்சாத்தனார் முறையிட்டார். அல்லியங்கோதையாரோ, ஐயாவின் பிள்ளைகள் கிளிகள், கேட்டதைச் சொல்வார்கள், சொன்னது என்னவென்று கேட்டால் விழிப்பார்கள் என்று அவையோர் முகம் சுளிக்கும்படி விடையிறுத்தார். பேச்சு நீண்டு வசையாக மாறும் வேளையில், அரசர் கையமர்த்தி இவ்வாறு கட்டளையிட்டார்: இருவரும் ஒரு திங்கள் பள்ளி மாறிக் கற்பிக்க வேண்டும், அதன்பின் அவை கூடும், அன்று இவ்விரு பள்ளிகளுள் ஒன்று மூடப்படும், இது நம் வாக்கு. அவ்வாக்கைக் கேட்டு இருவர் முகமும் வாடியதை யாம் கண்டோம். இரண்டு பள்ளிகளையும் பார்த்து வருமாறு அரசர் எம்மை ஏவினார்.

பழைய முறையிற் பயின்று வளர்ந்தவர் யாம். எம் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதைத் தாங்களே அறிந்துகொள்ளலாம்.

நெற்கொட்டகைக்குச் சென்ற நெடுஞ்சாத்தனார் முதற்சில நாள் பட்ட பாடு சொல்லும் தரமன்று. அவர் ஒன்று சொன்னால் பிள்ளைகள் ஏன் என்றனர். மற்றொன்று சொன்னால் எப்படி என்றனர். பிரம்பை ஓங்கினால் அஞ்சி ஒடுங்காமல், ஐயா எதற்காகச் சினக்கிறார் என்று வியந்து பார்த்தனர். அவர்களுள் பரவை என்றொரு சிறுமி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் மகள், மெல்லிய குரலாள். ஒருநாள் நெடுஞ்சாத்தனார், ஆறினை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்றார். அவள் எழுந்து, வகுத்தால் குறைய வேண்டும் அல்லவா ஐயா, இது ஏன் பெருகுகிறது என்றாள். விதி அப்படி என்றார் அவர். அந்த விதியை யார் செய்தார் ஐயா என்றாள் அவள். அக்கேள்வியில் குறும்பில்லை, அறியும் ஆவலே இருந்தது.

பேரரையரே, யாம் அப்போது அக்கொட்டகையின் வாயிலில் அமர்ந்திருந்தோம். அம்முதியவர் சினந்து எழுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டார். பின்னர்த் தாமே சந்தைக்குச் சென்று வெள்ளரிக்காய் ஆறு வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து வரிசையாக வைத்தார். வைத்தவர் சட்டென்று நகைத்தார். அவர் நகைத்து யாம் கண்டது அதுவே முதல். பரவையை அழைத்து, மகளே, ஆறு காயில் அரைக்காய் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார், இதைத்தான் அக்கணக்குக் கேட்கிறது, இத்தனை காலம் விதியைச் சொன்னேனேயன்றி விதி கேட்ட கேள்வி எனக்கே தெரியாது, நீ கேட்டதால் தெரிந்தது என்றார். சிறுமி எண்ணினாள். பன்னிரண்டு ஐயா, பன்னிரண்டேதான் என்று கூவினாள். கொட்டகை முழுதும் ஓடிவந்து குனிந்து பார்த்தது. அதன்பின் உப்புத் தொட்டு அக்காய்களை எல்லாரும் தின்றனர். எமக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

கற்பள்ளியிலோ வேறொன்று நிகழ்ந்தது. அல்லியங்கோதையார் சென்ற முதல்நாளே ஓதுவதை நிறுத்தச் சொன்னார். கொட்டைகளைப் பரப்பி, எட்டு மரத்தில் மரத்துக்கு ஏழு குலையாகக் காய்த்தால் மொத்தம் எத்தனை என்று வினவினார். அவர் கொட்டையை எடுத்து வைத்து முடிப்பதற்குள், பின்வரிசையில் ஒருவன் காலால் தாளம் தட்டி, ஐம்பத்தாறு அம்மா என்றான். தம் பள்ளிப் பிள்ளைகள் இக்கணக்கை எண்ணி முடிக்கையில் எதற்காக எண்ணத் தொடங்கினோம் என்பதையே மறந்துவிடுவதை அவர் அறிவார். இங்கோ, எண் நெஞ்சில் இருந்தமையால் பிள்ளைகளின் கை ஓய்ந்திருந்தது. ஓய்ந்த கையை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கண்டார். மேற்கொண்டு அவர் கேட்ட கேள்விகளில், தம் மாணவர் பல நாளிற் சென்று சேரும் இடத்தை இவர்கள் ஒரே காலைப்பொழுதில் எட்டினர். கிளிகள் என்றேனே என்று எம்மிடம் கூறி அவர் கண்கலங்கினார். சில நாள் கழித்து யாம் சென்றபோது, பிள்ளைகள் நடுவே அமர்ந்து, உடலை அசைத்து, பதின்மூன்றின் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தார். இடையில் தவறினார். பிள்ளைகள் திருத்தினர்.

குறித்த நாளில் அவை கூடிற்று. நகரத்தார் வாயில்வரை நெருக்கியடித்து நின்றனர். முதலில் எழுந்த நெடுஞ்சாத்தனார், திருமன்னர் கொட்டகைப் பள்ளியைக் காத்தருள வேண்டும், மூடுவதாயின் என் பள்ளியை மூடுக என்று சொல்லிக் கற்பள்ளியின் திறவுகோலை அரசர் திருவடியில் வைத்தார். என் மாணவர் அம்மையாரிடம் செல்லட்டும். எனக்கும் அங்கு ஒரு மூலை தருவாராயின், காலைதோறும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, மற்றநேரம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றார். தம் முன்னோர் வழிவழியாகத் தலைமை தாங்கிய பள்ளியை ஒருவர் தம் கையாலேயே எடுத்துக் கொடுப்பதை அங்கிருந்தோர் எவரும் அதற்குமுன் கண்டதில்லை.

அல்லியங்கோதையார் பதறி எழுந்தார். ஐயா சொல்வதைக் கேளாதீர் பெருமானே, அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்த்தவள் நான், அந்த வாய்ப்பாட்டு ஓசை நின்றுபோனால் இந்நகரம் ஏழையாகும், என் கொட்டகையையே மூடுக என்றார். நெடுஞ்சாத்தனார் மறுத்தார். அம்மையார் அதனை மறுத்தார். முன்பு ஒருவரையொருவர் வீழ்த்த எவ்வளவு வாதிட்டனரோ, அவ்வளவு வேகத்தோடு ஒருவரையொருவர் வாழவைக்க வாதிட்டனர். இறுதியில் அம்மையார், என் கொட்டகை மழைக்கு ஒழுகும் ஐயா, தங்களுக்கு இருமல் வேறு இருக்கிறது, தாங்கள் அங்கே வந்து எப்படி ஓதுவீர்கள் என்று கேட்டுவிட்டார். அவை முழுதும் சிரித்தது. அரசரும் சிரித்தார்.

பின்பு அரசர் எழுந்து, ஒரு பள்ளி மூடப்படும் என்றோம், ஒழுகும் கொட்டகை இன்றே மூடப்பட்டது, அதன் பிள்ளைகளும் அம்மையாரும் கற்பள்ளிக்கு வருக, இருவரும் இணைந்து நடத்துக என்று மொழிந்து, திறவுகோலை எடுத்து இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார். வாயிலில் நின்ற நகரத்தார் எழுப்பிய ஆரவாரத்தில் அதன்பின் சொன்னது எதுவும் எம் செவியில் விழவில்லை.

இப்போது அப்பள்ளி நன்கு நடக்கிறது. சச்சரவு இல்லாமல் இல்லை. ஒலி மிகுந்தது என்று அம்மையாரும், கொட்டை காலில் குத்துகிறது என்று முதியவரும் எம்மிடம் வந்து குறைகூறிச் செல்கின்றனர். ஆயினும் எம் வாழ்நாளில் அரசவையில் யாம் கண்ட வெற்றிகள் பலவற்றுள், இருவரும் தோற்க விரும்பிய அந்நாளின் வெற்றிக்கு ஈடாக ஒன்றையும் யாம் அறியோம்.

ஆகவே திருமன்னரின் ஆணை இது. தங்கள் மண்டலத்துப் புதுப்பள்ளி எதனையும் மூடலாகாது. பழம்பள்ளி எதனையும் தாழ்த்தலாகாது. வரும் அறுவடை முடிந்ததும், அண்மையிலுள்ள பள்ளிகளின் கணக்காயர் ஒரு திங்கள் இடம் மாறிக் கற்பிக்கத் தாங்கள் ஏற்பாடு செய்க. ஒரு நாளேனும் தாங்களும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பார்க்க. இன்னும் ஒன்று. பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தெரியாத கணக்காயர், தெரியாது, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லக் கடவர். அவ்வாறு சொன்னதற்காக அவர் ஊதியமோ மதிப்போ இம்மியும் குறையலாகாது. குறைப்பவர் எவராயினும், எம்மையும் தங்களையும் உள்ளிட்டு, அரசர் திருமுன் நின்று விடை சொல்லக் கடவர்.

இவ்வாணை தென்கரை எங்கும் செல்க. நீர் உள்ளளவும் நிலம் உள்ளளவும் நிற்க. மருதவேலியின் நாரை இலச்சினை பொறித்து, திருமன்னர் கேட்க எழுதி, தலையமைச்சன் காரி நக்கன் கைச்சாத்து.