நீ நின்றுவிட்ட பாறை

என் சாருவுக்கு,

சாரதா என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். முப்பது வருஷம் நாலு பேர் எதிரில் உன்னை 'இந்தா' என்றும் 'ஏம்மே' என்றும் கூப்பிட்டே காலத்தை ஓட்டியவன் நான். மலையில் மட்டும்தான் சாரு என்பேன். அங்கே கேட்க ஆள் இல்லை என்ற தைரியம். இப்போது ஊரே படிக்கட்டும், சாரு.

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. நம் மகள் பூங்கொடி செவிலிமேட்டில் நன்றாக இருக்கிறாள். அவள் கம்பெனி பஸ் இப்போது தெருமுனைக்கே வருகிறது. இங்கே எதிர்வீட்டு சம்பூர்ணத்தின் மருமகள் நித்யா தினமும் வந்து, நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, சேலையின் வலது கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுக் கொடுக்கிறாள். சுத்தமான கை. ஆனால் வேலை நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நீ ஓயாமல் பேசுகிறாய் என்று நான் எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன்? இப்போது அந்த அமைதி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காரியம் செய்தேன். நீ இருந்திருந்தால் நடந்திருக்காது. அமாவாசையன்று தறியில் உட்கார்ந்துவிட்டேன்.

அமாவாசையில் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. நம் அப்பன் பாட்டன் காலத்து லீவு அது. அந்த ஒரு நாளில்தான் நாம் இரண்டு பேரும் மலைக்குப் போவோம். அன்றும் பழக்கத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து மலைப்பையைத் தேடினேன். எதற்குத் தேடுகிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தெரு முழுக்கச் சத்தமே இல்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தறிக்குழியில் காலை விட்டுவிட்டேன்.

நித்யா லீவு. நான் மட்டும் சேலையின் உடலுக்கு நாடாவை விட்டேன். விட்டுவிட்டு, வலது பக்கத்திலிருந்து உன் நாடா வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அடுத்ததை விட்டேன். மறுபடியும் காத்திருந்தேன். இப்படியே நாலு விரல் அகலம் நெய்திருக்கிறேன், சாரு! உடல் தனியாக, கரை தனியாக. வலது கரையில் குறுக்கு நூலான ஊடையே ஏறாமல் நெடுக்குப் பாவு நூல் வெறுமனே நிற்கிறது. வேலை பழக வந்த முதல் நாளில்கூட ஒருத்தன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

சம்பூர்ணம்தான் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"யாருபா அது, அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டுறது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், துணியைப் பார்த்ததும் குனிந்து கரையைத் தடவிப் பார்த்தார். வெளியே போய் பூங்கொடிக்கு போன் போட்டார்.

அவள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். "இன்னாப்பா இது?" என்றாள்.

"நாளைக்குப் பிரிச்சிடுறேம்மா."

"துணிய உடு. நீ இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"மலைக்குப் போக ஆள் இல்ல" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. உன் மகள் உன்னைப் போலத்தான். அழவில்லை. காலண்டரைப் புரட்டினாள்.

"அடுத்த அமாவாசைக்கு நான் லீவு போடுறேன். ரெண்டு பேரும் போலாம்."

சொன்னபடியே போன அமாவாசைக்குக் கிளம்பினோம். இந்த மலைப் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடித்தது என்று அவளுக்கு பஸ்ஸில் சொன்னேன். போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மறுநாள் பொழுது போகாமல் எல்லோரும் வேன் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போனோம். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியதும் நீ இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்தாய். காட்டுக்கு நடுவில் ஓடிய தண்ணீரைக் காட்டி என்ன ஆறு என்று டிரைவரைக் கேட்டாய். செய்யாறு என்றார். "இந்தத் தண்ணியா நம்ம ஊருக்கு அந்தாண்ட பாலாத்துல வந்து சேருது? அது அவ்ளோ தூரம் நடந்து நம்மளப் பாக்க வருது. நாம ஒரு தபா வந்து பாக்கலியே!" என்றாய். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம். மழை இல்லாத அமாவாசை எல்லாம் மலைதான்.

எத்தனையோ குன்று ஏறினோம். ஆனால் நீ திரும்பத் திரும்பக் கேட்டது அந்த மொட்டைப்பாறையை. ஓடையோரமாக மூங்கில் காட்டுக்குள் நடந்து, சாமை வயலைத் தாண்டி ஏறினால் ஒரு நாவல் மரம். அதற்கு மேல் சரிவாக ஏறும் பாறை. நான் மரத்தடியில் சோற்றுப் பையோடு உட்கார்ந்துகொள்வேன். நீ மட்டும் ஏறுவாய். மேலிருந்து "வாய்யா மேல!" என்று கூப்பிடுவாய். முழங்கால் வலி என்று நான் கையை ஆட்டுவேன்.

அது பொய், சாரு. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு உயரம் என்றால் உயிர் போகிற பயம். நம் மாடியில்கூட நான் ஓரத்துக்குப் போனதில்லை. தறிக்காரன் முழங்கால் வலிக்கிறது என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நீயும் நம்பினாயா, நம்புவதுபோல இருந்தாயா?

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள், "அடுத்த தபாவாச்சும் பாற மேல வருவியா?" என்று கேட்டாய். நான் "மொதல்ல நீ எழுந்து வா" என்றேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மாதமாக என்னை அரிப்பது இதுதான்.

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது சம்பூர்ணம் மறித்துக்கொண்டு நின்றார். "தீட்டு வீடு. வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாதுடி."

"அது சாமி இருக்கிற மலைக்கு அத்த. நாங்க அம்மா போன மலைக்குப் போறோம்" என்றாள் பூங்கொடி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழிக்கு என்று புளிசோறு கட்டிக் கொடுத்தார்.

நாவல் மரத்தடிக்கு வந்ததும் என் கால் தானாக மடங்கி உட்காரப் பார்த்தது. பூங்கொடி விடவில்லை. நடந்து ஏற என்னால் ஆகாது என்றதும், "உக்காந்துக்கினே வாப்பா, யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். அப்படித்தான் ஏறினேன், பாறையில் முதுகைக் கொடுத்து, பின்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து. வேட்டி கிழிந்தது. பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேலே போனோம், சாரு. நான் வந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஆடு மேய்க்கும் ஒரு அம்மா என் எதிரில் நின்றிருந்தார். மலை ஊர்க்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாவ மரத்தடியில உக்காந்துக்கினு இருப்பாரே, அந்த ஆளா நீ?"

ஆமாம் என்றேன்.

"எங்க அந்தம்மா?"

பூங்கொடிதான் சொன்னாள்.  அவர் கோலால் பின்பக்கம் காட்டினார். திரும்பிப் பார்த்தால், பாறைக்குப் பின்னால் மரங்களுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை ஏறிப் போகிறது. அந்தப் பாதையின் முடிவில், நாங்கள் நின்ற இடத்தைவிட இன்னும் அவ்வளவு உயரத்தில் ஒரு உச்சி. கீழே இருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. நான் பன்னிரண்டு வருஷமாக மொட்டைப்பாறையோடு மலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

"அங்க போனா ரெண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் தெரியும். ஆறு வளஞ்சி வளஞ்சி போறது பூரா தெரியும். எத்தினியோ தபா கூப்ட்டிருக்கேன். அந்தம்மா வராது. 'அதுக்கு மேல போனா எங்க வூட்டுக்காரரு கண்ணுக்குத் தெரியமாட்டாரு, தனியா உக்காந்துக்கினு இருக்காரு'ன்னு சொல்லும். இங்கியே நின்னுட்டுப் பூடும்."

கீழே பார்த்தேன். பயத்தோடுதான் பார்த்தேன். நாவல் மரம் பளிச்சென்று தெரிந்தது. அதன் அடியில் நான் துண்டு விரிக்கிற இடம்கூடத் தெரிந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயம் என்னுடையது. அதற்கு நீ ஏன் நின்றாய்? உச்சி இருக்கிறது என்று ஒரு தரம் சொல்லியிருந்தால், போய்விட்டு வா, நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கமாட்டேனா? சொல்லியிருப்பேனா, சாரு? 'நேரமாச்சி, பஸ் போயிடும்' என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்து, மகள் எதிரில் வாய் விட்டு அழுதேன். அந்த அம்மா தன் தண்ணீர்க் குடுவையை நீட்டினார்.

"போலாமாப்பா?" என்று பூங்கொடி அந்தப் பாதையைக் காட்டிக் கேட்டாள். எனக்கு இறங்குகிற பயமே இன்னும் பாக்கி இருந்தது. மூன்று மணி பஸ்ஸையும் பிடித்தாக வேண்டும். அன்று இறங்கிவிட்டோம்.

ஆனால் வருகிற அமாவாசைக்குப் போகிறேன், சாரு. பூங்கொடி லீவு சொல்லிவிட்டாள். பயம் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டே அந்தப் பாதையில் ஏறுவேன், எழுந்து நடந்தாலும் சரி, தேய்த்துக்கொண்டு போனாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீயும் இந்தத் தடவை பாறையோடு நின்றுவிடாதே. தைரியமாக உச்சிக்கு வா. நாவல் மரத்தடியில் இனி யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

உன் வழியைப் பன்னிரண்டு வருஷம் பாதியில் நிறுத்திய உன் வீட்டுக்காரன்,
பூங்கொடி அப்பா